எல்லையில் காத்திருக்கும் ஆய்வுகள்

தென்கொரியக் காலணி நிறுவனமான ஹ்வாசங், 2025 ஆகஸ்டில் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1,720 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. மூன்றே மாதங்களில், நவம்பரில், அந்நிறுவனம் ஆந்திரத்தின் குப்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான், விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் தரவு மையம் அமைக்கப்போவதாக கூகுள் அறிவித்திருந்தது.

அடுத்து நடந்தவை நாம் எதிர்பார்த்தவையே. ஆளுங்கட்சி ஒரு விளக்கம் தந்தது. எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டன. தொலைக்காட்சிகள் இரவு விவாதம் நடத்தின. நிலத்தின் விலை, சலுகைகளின் அளவு, அதிகாரிகளின் வேகம் என்று காரணங்கள் பலவும் அடுக்கப்பட்டன. ஆய்வாளரின் குரல் மட்டும் அதில் ஒலிக்கவில்லை. அயல்நாட்டு நிறுவனம் ஒன்று எந்த அடிப்படையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது, எதனால் நீடிக்கிறது, எப்போது வெளியேறுகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, சான்றுகளோடு பேசக்கூடிய ஒருவரை நாம் தேடவுமில்லை. அப்படி ஒருவர் தாமாக முன்வரவுமில்லை.

இத்தனைக்கும் இந்தக் கேள்விகளுக்காகவே ஒரு துறை இருக்கிறது. பன்னாட்டு வணிகவியல் என்ற அத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாய்ப்பு தமிழகப் பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆண்டுதோறும் ஆய்வேடுகள் சமர்ப்பிக்கப்படுகின்றன. ஆனாலும் நாட்டு நடப்பு அந்த ஆய்வுகளைத் தொடுவதில்லை. ஆய்வுகளும் நாட்டு நடப்பைத் தொடுவதில்லை. இந்த இடைவெளி ஏன் என்று கேட்பதற்குத் திருத்தணியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஓர் ஆண்டு, இரு நிகழ்வுகள்

1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில், கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் ஹைமர் என்ற மாணவர் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றிய நவீனக் கோட்பாட்டின் தொடக்கமாக அத்துறையினர் சுட்டுவது அந்த ஆய்வேட்டைத்தான். அதுவரை நிலவிய விளக்கம் எளிமையானது: லாபவிகிதம் குறைந்த நாட்டிலிருந்து கூடுதலான நாட்டுக்குப் பணம் பாயும், நிறுவனங்கள் அயல்நாடு செல்வதும் அவ்வாறான பணப் பாய்ச்சலே. ஹைமர் கண்ட உண்மைகள் இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. இரு நாடுகளுக்கிடையே முதலீடு ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் சென்றது. சில தொழில்களில் அது குவிந்தது, வேறு சிலவற்றில் அறவே இல்லை. அயல்நாட்டில் ஆலை தொடங்கிய நிறுவனங்கள் பல நேரங்களில் அந்த நாட்டிலேயே கடன் வாங்கின.

ஆகவே கேள்வியையே அவர் மாற்றினார். மொழி தெரியாத, சட்டம் தெரியாத, உள்ளூர்த் தொடர்புகள் இல்லாத ஒரு நிறுவனம் உள்ளூர் நிறுவனங்களோடு போட்டியிட்டு எப்படி வெல்கிறது? அந்நியனாக இருப்பதால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு அதனிடம் தனித்த வலிமை ஒன்று இருக்க வேண்டும். அந்த வலிமையைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொள்ளத்தான் அது நேரடியாக வந்து ஆலை அமைக்கிறது என்பது அவர் கண்ட விடை. 1974-இல் கார் விபத்தில் ஹைமர் இறந்தார். அவரது ஆய்வேடு நூலாக வெளிவந்தது 1976-இல்தான். ஒரு மாணவர் எழுப்பிய ஒரு கேள்வி, ஒரு துறையையே உருவாக்கியது.

அதே 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வட எல்லைப் போராட்டத்தின் பயனாக, பட்டாஸ்கர் பரிந்துரைகளின்படி சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஊர்கள் சில ஆந்திரத்துக்குச் சென்றன. அப்படிச் சென்ற சத்தியவேடு வட்டாரத்தில்தான் இன்று ஸ்ரீசிட்டி என்ற பெருந்தொழில் நகரம் நிற்கிறது.

மொழியின் அடிப்படையில், ஊர் ஊராகப் பேசித் தீர்மானிக்கப்பட்ட எல்லை அது. அன்று அந்தக் கோட்டை வரைந்தவர்கள் பன்னாட்டு நிறுவனங்களை மனத்தில் வைத்து வரையவில்லை. ஆடிக் கிருத்திகையன்று காவடியோடு திருத்தணி மலையேறும் கூட்டத்தில் இரு மாநிலத்தவரும் இருப்பார்கள். இரு மொழிகளும் கேட்கும். பொதட்டூர்ப்பேட்டையில் ஓடும் விசைத்தறியின் ஓசைக்கும், எல்லைக்கு அப்பால் நகரியில் ஓடும் விசைத்தறியின் ஓசைக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஆலை அமைக்க வரும் நிறுவனத்துக்கு, கோட்டின் இந்தப் பக்கம் ஓர் அரசு, ஒரு மின் கட்டணம், ஒரு சலுகைப் பட்டியல். அந்தப் பக்கம் எல்லாமே வேறு.

எல்லையே சோதனைக்கூடம்

ஆய்வு முறையியல் அறிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். அரசின் தொழிற்கொள்கை உண்மையில் என்ன விளைவைத் தருகிறது என்று அளப்பது கடினம். தமிழகத்தையும் பிகாரையும் ஒப்பிட்டால் நிலம், கல்வி, துறைமுகம், வரலாறு அனைத்தும் வேறுபடுகின்றன. கொள்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒத்திருந்து, அரசு மட்டும் வேறுபடும் இரு பகுதிகள் கிடைத்தால்தான் அந்த ஒப்பீடு பொருளுடையதாகும். கும்மிடிப்பூண்டியும் ஸ்ரீசிட்டியும் அப்படிப்பட்டவை. இரண்டுக்கும் அருகில் இருப்பவை அதே சென்னைப் பகுதித் துறைமுகங்கள். இரண்டையும் இணைப்பது அதே கொல்கத்தா நெடுஞ்சாலை. இரண்டிலும் எல்லையின் இருபுறத்தவரும் வேலை செய்கிறார்கள். ஒன்று தமிழகத்தின் பழைய சிப்காட் தொழில் வளாகம். மற்றொன்று 2008-இல் செயல்படத் தொடங்கிய தனியார் தொழில் நகரம். கொள்கை ஆய்வாளர்கள் ஏங்கித் தேடும் இத்தகைய சோதனைக்கூடம் இங்கே வரலாற்றின் போக்கில் தானாக அமைந்திருக்கிறது.

இந்தச் சோதனைக்கூடத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் கோட்பாட்டின் மையத்திலிருந்தே எழுகின்றன. பிரிட்டன் பொருளியலாளர் ஜான் டன்னிங், 1976-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த கருத்தரங்கு ஒன்றில், அதுவரை வந்த விளக்கங்களை மூன்று கேள்விகளாகத் தொகுத்தார். நிறுவனத்திடம் உள்ள தனித்த வலிமை என்ன? ஏன் இந்த இடம்? உரிமத்தை உள்ளூர் நிறுவனத்துக்கு விற்றுவிடாமல் ஏன் தானே வந்து நடத்துகிறது? இந்தியாவில் நுழைய 1996-இல் தீர்மானித்த ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆலை அமைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2017-இல், அதே குழுமத்தைச் சேர்ந்த கியா, ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. தாய்க் குழுமம் ஒன்று, தொழில் ஒன்று, நாடு ஒன்று. டன்னிங்கின் முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடை பெரிதாக மாறவில்லை. இரண்டாம் கேள்வியின் விடை மட்டும் மாறியது ஏன்? ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு இதைவிடக் கூர்மையான தொடக்கம் வேண்டுமா?

சலுகைகளைப் பற்றிய ஆய்வுகள் உலகளவில் உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. நிறுவனம் ஒன்று இடம் தேடத் தொடங்கும்போது வரிச்சலுகை பெரும்பாலும் முதன்மைக் காரணமாக இருப்பதில்லை. சந்தை, தொழிலாளர் திறன், துறைமுகம், உதிரிபாகம் தரும் நிறுவனங்கள், நிலையான ஆட்சி ஆகியவை முதலில் கணக்கில் வரும். பட்டியல் சுருங்கி, ஏறத்தாழ ஒத்த இரண்டு மூன்று இடங்கள் மிஞ்சும்போதுதான் சலுகையின் அளவு தீர்மானிக்கும் சக்தியாகிறது. இதன் பொருள் நமக்கு மிக முக்கியமானது. எல்லையின் இருபுறமும் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றனவோ அந்த அளவுக்குச் சலுகைப் போட்டி கடுமையாகும். தூரத்து மாநிலத்தோடு போட்டியிடும்போது நம் இயல்பான வளங்கள் நமக்குக் கைகொடுக்கும். அண்டை மாநிலத்தோடு போட்டியிடும்போது கைகொடுப்பது கருவூலம் மட்டுமே. அந்தப் பணம் இரு மாநில மக்களின் பணம். கொரிய நிறுவனம் குப்பத்துக்குச் சென்றாலும் தூத்துக்குடிக்கு வந்தாலும் அதன் பேரம் பேசும் வலிமைக்கு விலை தருபவர்கள் வரி செலுத்துவோர்தான்.

அந்த விலை நியாயமானதா? ஒரு வேலைவாய்ப்புக்கு அரசு எவ்வளவு செலவிடலாம்? சலுகை இல்லாமலேயே வந்திருக்கக்கூடிய நிறுவனங்கள் எத்தனை? இவற்றுக்கு அரசியல் மேடையில் விடை கிடைக்காது. விடை தேடும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உரியது.

வந்தவர்கள், சென்றவர்கள்

வருகையைப் போலவே வெளியேற்றமும் ஆராயப்பட வேண்டியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் முதல் நாள் நின்றது. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறு காரணமாக இந்த ஆலை மட்டும் அந்தக் கைமாற்றத்துக்குள் வரவில்லை. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலான பெண்கள், வேலையிழந்தார்கள். அடுத்து ஃபோர்டு. 1990-களின் நடுவில் மறைமலைநகருக்கு வந்த அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளிவந்தது. 2024 செப்டம்பரில் மீண்டும் வரும் விருப்பத்தைத் தமிழக அரசிடம் தெரிவித்தது.

நோக்கியா போன பின் அந்தத் தொழிலாளர்கள் எங்கே சென்றார்கள்? அவர்கள் பெற்ற திறன் பின்னர் வந்த மின்னணு ஆலைகளுக்குப் பயன்பட்டதா, அல்லது வீட்டோடு முடங்கியதா? ஃபோர்டுக்கு உதிரிபாகம் தந்த சிறு நிறுவனங்களில் எவை பிழைத்தன, எப்படிப் பிழைத்தன? ஃபோர்டு சென்றது தமிழகத்தின் குறையாலா, இந்தியச் சந்தையைத் தவறாகக் கணித்ததாலா, உலகளாவிய உத்தி மாற்றத்தாலா? ஹைமர் சொன்ன ‘அந்நியனாக இருப்பதன் இழப்பு’ கால் நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு நிறுவனத்தைத் துரத்துமா? இக்கேள்விகளுக்குச் சான்றோடு கூடிய விடைகள் அரசின் மேசையில் இருந்திருந்தால், அடுத்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் இன்னும் கவனமாக எழுதப்பட்டிருக்கும்.

எதிர்த்திசைப் பயணமும் நம் கண்ணெதிரேதான் நடக்கிறது. ஓசூரைத் தளமாகக் கொண்ட டி.வி.எஸ். மோட்டார், 2020 ஏப்ரலில் பிரிட்டனின் நார்ட்டன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வலிமை பெற்ற பின்னரே நிறுவனங்கள் அயல்நாடு செல்லும் என்பது ஹைமர் வழி வந்த கோட்பாடு. இங்கிருந்து செல்லும் நிறுவனங்களோ பெயரும் தொழில்நுட்பமும் ஆகிய வலிமைகளை வாங்குவதற்காகவே அயல்நாடு செல்கின்றன. வளரும் நாடுகளின் நிறுவனங்களைப் பற்றி இத்துறையில் இன்று நடக்கும் பெரும் விவாதங்களில் இது ஒன்று. அந்த விவாதத்துக்கான மூலச் சான்றுகள் தமிழகத்தில் கிடக்கின்றன.

நாம் எழுதுவது என்ன?

நம் மேலாண்மைத் துறைகளிலிருந்து வெளிவரும் ஆய்வேடுகளை ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் யாரும் காணலாம். சிறந்த ஆய்வுகள் உள்ளன, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. எங்கோ உருவான வினாத்தாள் ஒன்று எடுத்தாளப்படும். ‘மிகவும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து படிகளில் சில நூறு பேரிடம் விடை பெறப்படும். மென்பொருள் அட்டவணைகளைத் தரும். அயல்நாட்டில் சொல்லப்பட்ட கோட்பாடு இங்கும் பொருந்துகிறது என்ற முடிவோடு ஆய்வேடு நிறைவுறும். கோட்பாடு பொருந்தாத இடத்தில்தான் புதிய அறிவு பிறக்கிறது என்பதை ஹைமரின் ஆய்வேடே காட்டுகிறது. நம் ஆய்வேடுகளோ பொருந்தாதவற்றைப் பிழையென்று கருதி ஒதுக்கிவிடுகின்றன.

இதற்கு மாணவர்களைக் குறைகூறுவது நேர்மையாகாது. இந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தோர் எண்ணிக்கை 2014-15-இல் 1.17 லட்சமாக இருந்தது, 2021-22-இல் 2.12 லட்சமாக உயர்ந்தது. இந்தப் பெருக்கத்தின் பின்னால் அறிவு வேட்கையோடு வேலைவாய்ப்பும் பதவி உயர்வும் இருக்கின்றன. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று விதி வந்தது, பின்னர் தள்ளிப்போடப்பட்டது, 2023-இல் நீக்கப்பட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை, பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்கு வாழ்வளித்தது; 2022 நவம்பரில் அதுவும் கைவிடப்பட்டது. தரமான இதழ்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு பராமரித்துவந்தது. 2025 பிப்ரவரியில் அதற்கும் விடை கொடுத்தது. விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கையில், கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் ஆய்வு செய்யும் பகுதிநேர மாணவர் எளிய வழியைத் தேடுவதில் வியப்பில்லை.

தரவுகள் கிடைப்பதிலும் தடை இருக்கிறது. பன்னாட்டு நிறுவனங்கள் ஆய்வு மாணவருக்கு வாயிற்கதவைத் திறப்பதில்லை. பெருமுதலீடுகளுக்கு அரசு தனித்தனியே வகுத்துத்தரும் சலுகைத் தொகுப்புகளின் முழு விவரமும் பொதுவெளிக்கு வருவதில்லை. எட்டாத கனியை விட்டுவிட்டு, எட்டும் தூரத்தில் உள்ள வங்கி ஊழியர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் வினாத்தாளை நீட்டுகிறார் மாணவர்.

திருத்தணி தந்த முன்மாதிரி

திருத்தணிக்கு அருகே 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முதுகலை மாணவராக இருந்தபோது, வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற விமர்சனத்தை எதிர்கொண்டார். மனம் நொந்து ஒதுங்காமல், அதையே ஆராய்ந்து மறுத்து, 1908-இல் தமது பட்டத்துக்கான ஆய்வுரையை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. அவரது முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் அறிஞர் உரிமை. அந்த மாணவரின் அணுகுமுறையே நமக்குப் பாடம். தம்மைப் பற்றி வேறிடத்தில் செய்யப்பட்ட கோட்பாட்டை அவர் தம் மண்ணின் சான்றுகளோடு உரசிப் பார்த்தார். அதே வேளையில், விமர்சித்தவர்களுக்குப் புரியும் தத்துவ மொழியிலேயே வாதிட்டார்.

பின்னாளில், 1948-49-இல், அவர் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தின் பரிந்துரையிலிருந்தே பல்கலைக்கழக மானியக் குழு உருவானது. முனைவர் பட்டம் பெறுபவருக்குத் தமது துறை முழுவதிலும் பரந்த அறிவு இருக்கிறதா என்று வாய்மொழித் தேர்வில் சோதிக்க வேண்டும் என்றும் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. இன்று நடக்கும் வாய்மொழித் தேர்வுகளில் பல, சால்வையோடும் புகைப்படத்தோடும் முடிந்துவிடுகின்றன.

கோவையில் பிறந்து சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற சி.கே. பிரகலாத், பன்னாட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தைப் பற்றி ஆய்வு செய்து 1975-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அகமதாபாதில் சில காலம் கற்பித்த பின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று உலகப் புகழ் பெற்றார். ஏழைகளைச் சந்தையாகவும் தொழில்முனைவோராகவும் காணும் அவரது வாதம் கடுமையான எதிர்வாதங்களையும் சந்தித்தது. ஆனால் அந்த வாதத்துக்கான சான்றுகள் பலவும் இந்தியாவிலிருந்து எடுக்கப்பட்டவை. இந்த மண்ணின் கேள்வியால் உலகத்தோடு வாதாட முடியும் என்பதை அவர் மெய்ப்பித்தார். அதைச் செய்ய அவர் மிச்சிகன் வரை போக வேண்டியிருந்தது என்பதுதான் நம் குறை.

செய்யக்கூடியவை

மாற்றம் வேண்டுமெனில் நான்கு செயல்களிலிருந்து தொடங்கலாம். முதலாவது, தரவு. சலுகைத் தொகுப்பு பெற்ற நிறுவனங்களின் முதலீடு, வேலைவாய்ப்பு, பெற்ற சலுகை ஆகியவற்றை, ஒப்பந்தம் செய்து ஐந்தாண்டுகள் கழிந்த பின், உரிய பாதுகாப்போடு பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அரசு திறந்துவிட வேண்டும். வணிக ரகசியம் என்ற காரணம் காலவரையின்றி நீடிக்கக் கூடாது. செலவாவது பொதுப்பணம்.

இரண்டாவது, வாசிப்பு. ஆய்வுக்கு முந்தைய பாடநெறியில் புள்ளியியல் மென்பொருள் பயிற்சியோடு, ஹைமர் முதல் இன்றைய விவாதங்கள் வரையிலான மூல நூல்களை வரிவரியாகப் படித்து விவாதிக்கும் கருத்தரங்கு கட்டாயமாக வேண்டும். ஒரு கல்லூரியில் இதற்குப் போதிய ஆசிரியர்கள் இல்லையென்றால் சென்னையில் உள்ள நிறுவனங்கள் இணைந்து நடத்தலாம்.

மூன்றாவது, எல்லை கடந்த ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழகமும் திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகமும் இணைந்து மாணவர்களை நெறிப்படுத்தலாம். சித்தூர், திருப்பதி, திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் ஒரே ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட வேண்டும். தமிழும் தெலுங்கும் இயல்பாகப் பேசும் திருத்தணி அரசு கலைக் கல்லூரி மாணவர், தொழிலாளர்களிடம் பெறும் விவரங்களை எந்த அயல்நாட்டு ஆய்வாளராலும் பெற முடியாது. பலவீனமாக நாம் எண்ணும் சிற்றூர்ப் பின்னணி இந்த ஆய்வில் பெரும் மூலதனம்.

நான்காவது, பொறுப்புடைமை. பொதுநலன் தொடர்பான ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஐந்து பக்கத் தமிழ்ச் சுருக்கம் வேண்டும். சட்டமன்ற உறுப்பினரும் தொழிற்சங்கத் தலைவரும் சிறுதொழில் முனைவோரும் படித்துக் கேள்வி கேட்கும்படி அது அமைய வேண்டும். வாசகர் இருப்பார் என்று தெரிந்தால் எழுதுபவரின் கவனம் தானே கூடும்.

இவற்றால் எல்லா மாணவரும் ஹைமர் ஆகிவிட மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று நல்ல ஆய்வேடுகள் கிடைத்தால்கூட, அடுத்த முறை ஒரு நிறுவனம் வரும்போதோ போகும்போதோ நாம் ஊகத்தின் மேல் வாதிட வேண்டியிருக்காது. இரு மாநில அரசுகளும் ஒன்றையொன்று விஞ்சச் சலுகைகளை அள்ளிக்கொடுக்கும் முன், கொடுப்பதன் பயனை அறிந்து கொடுக்கும். சில நேரங்களில் கொடுக்காமலும் இருக்கும்.

திருத்தணி எந்த மாநிலத்துக்கு உரியது என்ற கேள்விக்கு அறுபதாண்டுகளுக்கு முன்பு விடை கிடைத்தது. அந்த எல்லையின் இருபுறமும் வாழும் மக்களுக்கு, உலக மூலதனத்தின் வருகை எதைத் தருகிறது, எதை எடுத்துச் செல்கிறது என்ற கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. அந்த விடையை நம் பல்கலைக்கழகங்கள்தான் எழுத வேண்டும்.